மலைப்படமும் அழிக்கப்பட்ட லயமும்

தேயிலை மலையில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்தில் என்னென்ன இருக்கும்? சரிவு முழுக்க வரிவரியாகச் செடிகள், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், பின்னால் ஒரு பாறை முகடு, முகட்டில் மேகம். எல்லோரும் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் கூடவே இரண்டு மூன்று மின்கம்பிகள் குறுக்கே ஓடும். பள்ளத்தில் துருவேறிய தகரக் கூரையோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடான ஒரு லயம் தெரியும். கூரை ஒழுகும் இடத்தில் நீலத் தார்ப்பாயை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருப்பார்கள். கொடியில் துணி காயும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்புக்குக் கீழே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடப்பவருக்கு அது வேண்டும்.

படம் திரைக்கு வந்ததும் முதலில் போவது கம்பி. அடுத்தது தார்ப்பாய். பிறகு கொடியில் காயும் துணி. லயம் சிறிதாகத் தெரிந்தால் அதுவும் போய்விடும். விரலால் ஒருமுறை தடவினால் அந்த இடத்தில் தேயிலை முளைத்துவிடுகிறது. கடைசியில் பச்சையைக் கொஞ்சம் கூட்டி, வானத்தை நீலமாக்கி வெளியிட்டால் பார்ப்பவர்கள் சொர்க்கம் என்கிறார்கள்.

இதில் தவறு உண்டா என்று கேட்டால், படமெடுப்பவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். கொஞ்சமாகத் திருத்தலாம், அதிகமானால் செயற்கை என்பது பொதுவான தீர்ப்பு. இந்த அளவுகோல் போதாது. வெளிச்சத்தையும் நிழலையும் தாராளமாகத் திருத்திய படம் நேர்மையாக இருக்கலாம். வேறு எதையும் தொடாமல், மூலையில் நகத்தளவு தெரிந்த ஒரு கூரையை மட்டும் நீக்கிய படம் அநீதியாக இருக்கலாம். மலையில் குடியிருப்பவருக்கு அந்தப் படத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைத் தொடுகிறோமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எதையும் தொடாமல் எடுத்தபடியே தருகிறேன் என்று சொல்பவர்களின் வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். அப்படி ஒரு படம் கிடையாது. டிஜிட்டல் கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதாவது ஒரு வண்ணப் படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கில் வந்தது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்தால் மலை வெளிறிப்போய், யாரும் கண்ணால் பார்த்திராத சாம்பல் பூசிக் கிடக்கும். கைபேசியோ ஒரே சொடுக்கில் பல படங்களை எடுத்து, ஒன்றாக்கி, பச்சையைக் கூட்டி, பிறகுதான் கையில் தருகிறது. படமெடுத்தவர் தொடாவிட்டாலும் எங்கோ ஒரு பொறியாளர் தொட்டிருக்கிறார்.

மலையில் இது இன்னும் கடினம். விடியற்காலையில் முகட்டில் வெயில் அடிக்கும்போது பள்ளம் இருட்டாக இருக்கும். மனிதக் கண் மாறி மாறிப் பார்த்து இரண்டையும் கண்டுகொள்ளும். கேமரா ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். முகட்டைப் பிடித்தால் பள்ளம் கரி, பள்ளத்தைப் பிடித்தால் வானம் வெள்ளைத்தாள். நிழலைக் கொஞ்சம் தூக்கி, வானத்தைக் கொஞ்சம் அடக்கும்போது, அங்கே நின்றவர் கண்டதைத்தான் படத்துக்குத் திருப்பித் தருகிறோம். இதில் குற்றம் காண எதுவுமில்லை.

1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகள் எடுத்தபோது இதே சிக்கல்தான். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீலத்துக்கு மிகவும் கூச்சம் உடையவை. கடலைப் பிடித்தால் வானம் வெளுத்துவிடும். அவர் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என்று எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். தகடு தவறவிட்ட வானத்தை மீட்டதுவரை அது நியாயம். ஆனால் அவரே ஒரே வானத்தை வேறு வேறு கடல்களுக்கும் போட்டிருக்கிறார். மீட்பது அங்கே முடிந்து, இரவல் வாங்குவது தொடங்கிவிட்டது. 2020-இல் போட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்தபிறகு அந்த இரவல் எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. நகரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எந்த வானமும் ஒன்றுதான். நீலகிரியின் கூடலூர்க்காரருக்கு அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழையின் மேகம் எப்படி வந்து இறங்கும், கோடை மழைக்கு முன் வானம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆடி மாதத்து மலைமேல் பங்குனி வானத்தை ஒட்டினால் அது பொய் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார். மூடுபனியை நீக்கும் வசதிக்கும் இதைச் சொல்லலாம். லென்ஸின் மங்கலைத் துடைப்பது வேறு. பனி மூடிய காலையிலிருந்து பனியையே எடுத்துவிடுவது வேறு.

நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றி இவ்வளவு போதும். இருப்பதை அழிக்கும்போதுதான் அறக்கேள்வி கனக்கிறது. அதைப் பேச ஆன்செல் ஆடம்ஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மலைகளைப் படமெடுத்தவர்களில் உலகம் முழுக்க மதிக்கப்படும் பெயர் அது. 1944-இல் கலிபோர்னியாவின் லோன் பைன் என்ற சிற்றூருக்கு வெளியே குளிர்காலச் சூரியோதயத்தை எடுத்தார். பின்னால் வெயில் பட்ட சியாரா நெவாடா பனிமலை, நடுவில் நிழலில் கிடக்கும் கரிய குன்றுகள், முன்னால் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குதிரை. அந்தக் கரிய குன்றின்மேல் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளான எல், பி இரண்டையும் வெள்ளையடித்துப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அதை நெகட்டிவிலேயே அழித்தார். அச்சில் மிச்சம் தெரிந்ததையும் புள்ளி வைத்து மறைத்தார். அவர் கண்ணுக்கு அது மலையின் மேல் விழுந்த வடு. 1983-இல் தம்முடைய 40 படங்கள் உருவான கதையைப் புத்தகமாக எழுதியபோது இதை அவரே சொன்னார். இதற்காகக் கண்டிக்கப்பட்டதையும் மறைக்கவில்லை.

அதே காலத்தில், லோன் பைனுக்கு வடக்கே சில மைல் தொலைவில், மன்சனார் முகாமையும் அவர் படமெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீடு வாசலிலிருந்து பிடுங்கி அடைத்து வைத்த முகாம் அது. ஒரு கட்டத்தில் 10,000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். காவல் கோபுரத்தையும் முள்வேலியையும் காவலர்களையும் எடுக்கக்கூடாது என்பது அதிகாரிகளின் உத்தரவு. அதே முகாமில் கைதியாக இருந்த டோயோ மியாட்டாகே ஒரு லென்ஸை ஒளித்துக் கொண்டுபோய், மரப்பெட்டியில் கேமரா செய்து, அந்த வேலியையும் கோபுரத்தையும் எடுத்தார். ஆடம்ஸ் அந்த மனிதர்கள்மேல் அக்கறை இல்லாதவர் அல்லர். அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துச் சொல்லத்தான் அங்கே போனார். 1944-இலேயே அந்தப் படங்களைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஆனாலும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மலையின் அடியில், உத்தரவால் ஒன்றும் ரசனையால் ஒன்றுமாக இரண்டு விடுபடல்கள் நேர்ந்தன. முள்வேலி இருந்தது இன்று உலகத்துக்குத் தெரிகிறது என்றால், அங்கே அடைபட்டிருந்த ஒருவர் கையில் கேமரா இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வெள்ளையடித்த எழுத்தையும் முள்வேலியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. பிள்ளைகள் எழுதியதை நீக்கியதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. என்றாலும் அந்தக் குன்று யாருடையது என்பதற்கு அந்த ஊர் தன் கையால் எழுதிய ஒரே பதில் அதுதான். வெளியிலிருந்து வந்தவரின் ரசனைக்கு அது வடுவாகத் தெரிந்தது. அழித்ததோடு இந்தக் கணக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு அவருக்கு எதிராகவே போயிருக்கும். தாமதமாகவேனும் அவரே அச்சில் ஒப்புக்கொண்டதால்தான் இன்று அதை வைத்து நியாயம் பேச முடிகிறது. பெயர் தெரியாத பல்லாயிரம் பேர் தினமும் அழிப்பதற்கு அப்படிப்பட்ட ஒப்புதல் ஏதும் இல்லை.

நம் மலைகளுக்கு வந்தால் இந்த ரசனை எதைக் குறிவைக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பச்சைக்கு முதல் மரியாதை. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்வார்கள். அப்போது இலையெல்லாம் கழிந்து குச்சி குச்சியாக, பழுப்பு நிறத்தில் ஒரு சரிவு முழுக்க நிற்கும். தோட்டத்து வேலைகளில் உடம்பை முறிக்கும் வேலை அது. செடி மறுபடி தளிர்விட்டுக் கொழுந்து எடுக்கும் பதத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். படமெடுக்க வருபவர் அந்தச் சரிவைத் தவிர்க்கிறார். தவிர்க்க முடியாவிட்டால் திரையில் பச்சையாக்குகிறார். பார்ப்பவர் மனதில் தேயிலை என்றால் தானாகவே என்றும் பசுமையாக இருக்கும் ஒரு விரிப்பு. அதைக் கத்தியால் வெட்டி, தளிர்க்க வைத்து, ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் கைகள் அந்தப் பச்சையில் மறைந்துபோகின்றன.

தேயிலையைவிட உயரத்தில் இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிகளில் மடிப்புகளில் சோலைக்காடும், மற்ற இடமெல்லாம் புல்வெளியுமாக இருந்தது. மார்கழி, தை உறைபனியில் அந்தப் புல் காய்ந்து பொன்னிறமாகும்; மழை வந்தால் திரும்பப் பசுமையாகும். நீலகிரியில் தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த புல் அது. ஆற்றுக்கு நீரைத் தேக்கிக் கொடுக்கும் புல்லும் அதுதான். ஆங்கிலேய அதிகாரிகள் அதை மரமில்லாத வெற்று நிலமாகப் பார்த்தார்கள். கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடவும் கூழுக்கும் என்று அந்த நடவு தொடர்ந்தது. சீகை இன்று பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது; அதை அகற்ற அரசு செலவு செய்கிறது. பழுப்பு என்றால் குறை, பச்சை என்றால் நிறைவு என்ற ஒரு பார்வை நிலத்தையே மாற்றிவிட்டது. தை மாதத்துப் புல்வெளியைத் திரையில் பச்சையாக்குபவர் அதே பார்வையை இன்னொரு தலைமுறைக்குக் கைமாற்றுகிறார். இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. லயத்தில் குடியிருப்பவரையே கேட்டால், ஒழுகும் கூரையும் தார்ப்பாயும் ஊரெல்லாம் பார்க்கும் படத்தில் வர வேண்டும் என்று அவர் விரும்புவாரா? பெரும்பாலும் மாட்டார். அவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மின்கம்பியை நீக்கி, முகத்தை வெளுப்பாக்கித் தந்தால்தான் அவருக்கும் பிடிக்கும். அழகாகத் தெரிய எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. எளியவர் என்பதால் ஒருவர் எப்போதும் துரு ஏறிய தகரத்தின் கீழேதான் நிற்க வேண்டும் என்று யாரும் விதிக்க முடியாது. மறுபக்கத்து அத்துமீறலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையாக்கி, வானத்தை இருட்டாக்கி, கொழுந்து பறிக்கும் மூதாட்டியின் முகச் சுருக்கங்களை ஆழமாக்கி, சாதாரண வேலைநாளில் பக்கத்துச் செடிக்காரியோடு பேசிக்கொண்டு நின்றவரைத் துயரத்தின் சிலையாக்கும் படங்கள் பரிசு வாங்குகின்றன. அதுவும் திருத்தல்தான், லயத்தை அழித்ததற்குச் சற்றும் குறையாத திருத்தல். ஒன்று அவர் வீட்டை எடுத்துவிடுகிறது, மற்றொன்று அவர் சிரிப்பை.

ஆனால் அந்த எதிர்வாதத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்தைத் திருத்தச் சொன்னவர் அந்த வீட்டுக்காரர். மலைப்படத்தில் லயத்தை அழித்தவர் யாரையும் கேட்கவில்லை. கூச்சப்பட்டு வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் எடுக்காமல் விட்டிருக்கலாம், கோணத்தை மாற்றியிருக்கலாம். அவருக்காகத்தான் அழித்தேன் என்று பின்னால் சொல்வது, அவர் வாயில் தன் சொல்லைப் போடுவது. இலங்கை மலையகத் தமிழர்கள் தங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த மண்ணை உருவாக்கியவர்கள் தாங்கள் என்பதைப் பார்க்கச் சொல்லித்தான் நடந்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டதே அவர்களுடைய பெருங்குறைகளில் ஒன்று. தேயிலைப் பொட்டலத்தில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண் எப்போதும் உண்டு. மாலையில் அவர் திரும்பிப் போகும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான் எந்தப் பொட்டலத்திலும் கிடையாது.

சரி, அழிக்காமல் கேமராவைச் சற்றுத் திருப்பி, லயம் விழாதபடி எடுத்தால் மட்டும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். விளைவு ஒன்றாகத் தெரிந்தாலும் வித்தியாசம் இருக்கிறது. படத்துக்கு ஓரம் உண்டு என்பதும் ஓரத்துக்கு அப்பால் வேறு ஏதோ இருக்கும் என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். சட்டத்துக்குள் தெரியும் சரிவில் ஒரு வீடு இருந்து காணாமல் போயிருக்கும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. சட்டத்துக்குள் இருப்பதை நம்பித்தான் அவர் பார்க்கிறார். எனவே தனியொரு படத்தில் கோணத்தைத் தேர்வது குற்றமாகாது. ஆனால் பல வருடம் ஒரே மலைக்குப் போய், நூறு படம் எடுத்து, நூறிலும் கேமராவை வீடுகளுக்கு முதுகு காட்டியே வைத்திருந்தால், அழிப்பானைத் தொடாமலே அங்கே வாழ்பவர்களுக்குப் பட்ட கடன் ஏறிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு படத்தையாவது திரும்பி நின்று எடுக்கக் கடமைப்பட்டவர்.

நிலையானதைத் தொடாதே, தற்செயலாக வந்ததை நீக்கிக்கொள் என்று படக்காரர்களிடையே ஒரு விதி புழங்குகிறது. மலையையும் மரத்தையும் விட்டுவிடு, கடந்துபோகும் காரை நீக்கலாம். கேமரா உணரியில் ஒட்டிய தூசிக்கும் காருக்கும் இந்த விதி சரி. கொடியில் காயும் துணிக்கு? மாலைக்குள் எடுத்துவிடுவார்கள் என்பதால் தற்செயல்தான். ஆனால் அந்தச் சரிவில் இன்றைக்கும் ஒரு குடும்பம் சமைத்து, துவைத்து வாழ்கிறது என்பதற்கு அந்தப் படத்தில் இருக்கும் ஒரே சாட்சியும் அதுவாக இருக்கலாம். ஆகவே எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. சுற்றுலா வந்தவர் வீசிய சிப்ஸ் பாக்கெட்டைத் திரையில் அழிப்பதைவிட, குனிந்து கையால் எடுத்துவிட்டுப் படம்பிடிப்பது எல்லா வகையிலும் நல்லது.

சில இடங்களில் விவாதத்துக்கே இடமில்லை. மலைச்சரிவில் வீட்டுமனை விற்கும் விளம்பரம் அதில் ஒன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த கனமழையில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் சரிந்த இடம் நெடுநாள் செம்மண் கீறலாகச் சரிவில் தெரியும். அழகுக்காக அதைப் பச்சையால் மூடுபவர் ஓர் எச்சரிக்கையை மூடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் அங்கே பணம் போட்டால் அது மோசடி. கலைச் சுதந்திரம் என்ற பேச்சு அங்கே செல்லாது.

சுற்றுலாப் படங்கள் இதற்கு அடுத்த படியில் நிற்கின்றன. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது; வாகன நெரிசல் தாங்காமல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது வந்தது. இந்தக் கூட்டத்துக்குப் படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் கம்பியில்லாத, கூரையில்லாத, மனிதரே இல்லாத மலையைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர், நேரில் குடியிருப்பைப் பார்த்ததும் அதைக் குறையாக எண்ணுகிறார். காட்சியைக் கெடுப்பதாக அவர் நினைப்பது ஒருவரின் வீடு. 2018-இல் மூணாறுப் பக்கம் குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பூ. ஊதாவைக் கூட்டிக் கூட்டி மலையையே சாயத்தில் முக்கியெடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, ராஜமலைச் சரிவில் இளநீலமாகத் திட்டுத் திட்டாகப் பூத்திருக்கும் உண்மையான குறிஞ்சி ஏமாற்றமாகத்தான் தெரியும். பூவுக்கு அது பெரிய அவமானம்.

அந்த ராஜமலைக்குப் பக்கத்தில்தான் பெட்டிமுடி இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து அங்கிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. அவர்கள் குடியிருந்த சரிவு எப்படி இருந்தது, ஓடை எந்தப் பக்கம் ஓடியது, வீடுகள் எவ்வளவு நெருக்கமாக நின்றன என்பதை இனி பழைய படங்களைப் பார்த்துத்தான் அறிய முடியும். காட்சிக்கு இடைஞ்சல் என்று லயத்தை நீக்கிய படம் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

மலைப்படங்களுக்கு இப்படி எதிர்பாராத வேலைகள் வந்து சேர்கின்றன. 1921-இல் எவரெஸ்டுக்கு வழி தேடிப் போன ஜார்ஜ் மல்லோரி ரோங்பக் பனியாற்றைப் படமெடுத்தார். 2007-இல் டேவிட் பிரேஷியர்ஸ் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தபோது, இடையில் கரைந்துபோன பனியின் அளவு கண்ணுக்குத் தெரிந்தது. மல்லோரி பருவநிலை மாற்றத்தை ஆவணப்படுத்தப் போகவில்லை. அவர் படத்தில் பனியாறு இருந்தபடி இருந்தது, அவ்வளவுதான்.

மலையைப் படமெடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வெளிச்சத்தை விருப்பப்படி திருத்துங்கள். எதையாவது நீக்கினால் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லுங்கள். இடம், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பத்திரிகைகளும் நாட்காட்டி அச்சிடுபவர்களும் அந்த ஒரு வரிக்கு இடம் கொடுக்கட்டும். அழகுபடுத்திய பிரதியை எங்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். கம்பியும் தார்ப்பாயும் லயமும் இருக்கும் மூலக்கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.